தானாகப் போனால் வலிப்பதில்லை

சிறுநீர்க் குழாய் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது. நான் அதைப் போட்டுக்கொண்டவன் அல்ல, மற்றவர்களுக்குப் போட்டுவிட்டவன். ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். மலைக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஆண் யாராக இருந்தாலும் கம்பவுண்டர்தான். கடைசி நாள் வரை நான் கம்பவுண்டரய்யாவாகவே இருந்தேன்.

போன மாதம் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பயிற்சி அறையில் ரப்பரில் செய்த இடுப்புப் பொம்மை ஒன்றை மேசைமேல் வைத்து, நர்ஸிங் படிக்கிற பிள்ளைகள் குழாய் போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். மரத்துப்போக வைக்கும் பசை இப்போது தனியாக வருகிறது. குழாயும் வழுவழுவென்று, பார்த்தாலே பாதி பயம் குறைகிற மாதிரி இருக்கிறது. ஒரு பெண் ஒரே மூச்சில் குழாயைச் செலுத்திவிட்டு, "ஈஸியா போயிருச்சுங்கய்யா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போகத்தான் போகும். பொம்மைக்குப் பயம் கிடையாது. பயம் இல்லாத உடம்பு இறுக்கிக்கொள்ளாது. இதை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிளியூரில் எஸ்டேட் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. பாதிரியார் ஒருவர் சொல்லி, மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படிக்கச் சேர்த்தார்கள். அங்கே நான் பார்த்த முதல் சிறுநீர்க் குழாய் உலோகத்தால் ஆனது, நுனி வளைந்திருக்கும். ஒரு பெரியவருக்குப் போட்டார்கள். ஆளுக்கொரு கை, கால் என்று பிடித்துக்கொண்டோம். எனக்கு இடது கால். அவர் கத்தியபோது நான் பயந்தேன். கத்தல் சட்டென்று நின்றபோது அதைவிட அதிகம் பயந்தேன். வலியில் அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அதன் பிறகு அந்த வேலை என் பக்கம் வந்தாலே யாரிடமாவது மாற்றிக்கொள்ளப் பார்ப்பேன். படிப்பு முடிந்ததும் மலை ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சலும் பிரசவமும் அட்டைக்கடியும் பார்க்கிற இடத்தில் குழாய்க்கு வேலை இருக்காது என்று நினைத்தேன்.

சேர்ந்த வாரமே வந்தது.

எங்கள் டாக்டர் ஒரு பெண். பெயர் எஸ்தர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அறுவை சிகிச்சை படித்தவர். மெலிந்த உடம்பு. மலைக்குளிர் அவருக்குக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, சித்திரையிலும் கம்பளிக் காலுறை போட்டிருப்பார். எழுபதுகளில் ஒரு மலை விவசாயி அந்த மாதிரி நோயை ஒரு பெண்ணிடம் காட்டுவதை நினைத்துப் பாருங்கள். அதனால் ஆண்களுக்குக் குழாய் போடுவதை என்னிடம் விட்டார். தான் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வார். "எங்க இருக்க, சவரி? கைக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வேலையைக் கற்றேன்.

அவருக்குக் குழாய் என்பது கடைசிப் பேச்சு. சிறுநீர் போகவில்லை என்று ஒருவர் வந்தால் முதலில் கூட வந்தவர்களை வெளியே அனுப்பச் சொல்வார். நோயாளியை நிற்க வைத்து, அடிவயிற்றில் வெந்நீர் ஊற்றி, பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எங்களையும் வெளியே வரச் சொல்வார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒரு லாரி டிரைவர் காலையிலிருந்து போக முடியாமல் துடித்தார். நான் சிறுநீர்க் குழாய் வைத்த தட்டை எடுத்துத் தயாராக நின்றேன். டாக்டரம்மா தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்த டிரைவர் சாமி பெயரைச் சொல்லி உரக்கக் கும்பிடுவது கேட்டது. நான் தட்டை இருந்த இடத்தில் வைத்தேன். எனக்கும் கும்பிடத் தோன்றியது.

போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. சிவப்பு ரப்பர் குழாயைக் கொதிக்க வைத்து எடுத்து ஆறவிட வேண்டும். நோயாளியைத் தொடும் முன் என் கை வெந்நீரில் கிடக்க வேண்டும், சில்லென்ற கை பட்டாலே அந்த இடம் சுருங்கும். குழாயில் வழவழப்புக்கு எண்ணெய் மருந்து தாராளமாக. பிறகு பேச்சு. வலிக்காது என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. "வலிக்கும்னு சொல்லு. எப்ப வலிக்கும்னும் சொல்லு. அவங்க போதும்னா நிறுத்து. ஒரு தடவை நீ நிறுத்திக் காட்டினாத்தான் அடுத்த தடவை உன்னை நம்புவாங்க" என்பார். உள்ளே ஓர் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. குழாய் அங்கே போய் முட்டும். அங்கேதான் கை தள்ளப் பார்க்கும். தள்ளக் கூடாது, காத்திருக்க வேண்டும். நோயாளியை மூச்சு விடச் சொல்ல வேண்டும். மூச்சு வெளியே போகும்போது அந்த வளையம் கொஞ்சம் இளகும். அப்போது குழாய் தானாக நகர்வது விரலுக்குத் தெரியும்.

இதெல்லாம் எனக்குக் கைவந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளக் கற்றேன், அவ்வளவுதான்.

சடையக் கவுண்டர் வந்தது ஒரு ஐப்பசி மழையில். கொட்டச்சேடு என்ற மலையூர்க்காரர். நாற்பது தாண்டிய, கட்டையான, நல்ல உழைப்பாளி உடம்பு. எஸ்டேட் ஜீப்பின் பின்பக்கத்தில் கம்பளியில் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். இறங்கும்போதே அவர் வாய் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"கொழாய் மட்டும் வேண்டாமுங்க. வேற என்னத்த வேணாப் பண்ணுங்க. கொழாய் வேண்டாமுங்க சாமி."

அவர் மனைவி மாரியாயிதான் விஷயத்தைச் சொன்னார். முந்தின வருடம் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கியது. கவுண்டர் ஒரு கிளையின் மேல் இரண்டு காலும் இரண்டு பக்கமாக விழுந்தார். அடிபட்ட இடம் அதுதான். கீழே எங்கேயோ கொண்டுபோனார்கள். அங்கே யாரோ குழாயை அவசரத்தில் முரட்டுத்தனமாகச் செலுத்தினார்கள். பாய் நனைய ரத்தம். அன்றே அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி ஊர் வந்து சேர்ந்தார். அதன் பிறகு சிறுநீர் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"நொம்ப நாளா மறைச்சுட்டாருங்க. காட்டுக்குப் போனா பொழுது சாயத்தான் வருவாரு. நான் வெள்ளாமையப் பாக்கறாருன்னு நெனச்சனுங்க. நேத்திருந்து சுத்தமா நின்னு போச்சு" என்றார் மாரியாயி.

டாக்டரம்மா கவுண்டரின் வயிற்றில் கை வைத்தார். தொப்புள் வரை ஒரு கெட்டியான உருண்டை. அது அத்தனையும் சிறுநீர். அழுத்தவில்லை, வைத்ததுமே கவுண்டர் பல்லைக் கடித்தார். டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "அடைப்புக்குப் பின்னாடி வழி கிழிஞ்சு, இது உடம்புக்குள்ள பரவிச்சுன்னா நம்மால எதுவும் செய்ய முடியாது" என்றார். பிறகு, "இருக்கறதுலயே மெல்லிசு எடு. ஒரே ஒரு தடவை பாரு" என்றார்.

கவுண்டரிடம் பேசினேன். எப்போது வலிக்கும் என்று சொன்னேன். போதும் என்றால் நிறுத்துவேன் என்றேன். அவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். நான் தொடும் முன்னாலேயே அவர் தொடைகள் நடுங்கிக் கட்டில் கடகடத்தது. குழாய் கொஞ்ச தூரம் போனது. நின்றது. காத்திருந்தேன். மூச்சு விடச் சொன்னேன். வளையத் தசையில் முட்டினால் விரலுக்கு ஒரு மாதிரி தெரியும், இது வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் கூட இளகவில்லை. ரப்பர் வளைந்து என் பக்கமே திரும்பியது. நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

"என்ன தெரியுது?" என்று திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"கல்லு மாதிரி இருக்குங்கம்மா. ரத்தம் வருது."

"நிறுத்து. எடுத்துரு. அது பயத்துல இறுகினது இல்ல. பழைய காயம் ஆறி வழியே சுருங்கிப் போச்சு. இனிமே தள்ளினா புதுசா ஒரு ஓட்டைதான் விழும்."

சேலத்துக்கு அனுப்புவதுதான் வழி. ஜீப் வாசலிலேயே நின்றது. ஆனால் டிரைவர் கையை விரித்தார். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மரமும் மண்ணும் சரிந்து கிடந்தன. நானும் டாக்டரம்மாவும் ஆபீஸ் அறைக்குப் போய்ப் போன் செய்தோம். காலைக்கு முன்னால் பாதை திறக்காது என்று பதில் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்தபடி நின்றார். அவர் பயந்து அன்றுதான் முதலில் பார்த்தேன். அவரே பயந்தால் நான் யாரைப் பிடித்துக்கொள்வது என்று நினைத்தேன்.

வார்டுக்குத் திரும்பியபோது கட்டில் காலி.

வெந்நீர் வாங்கப் போயிருந்த மாரியாயி தூக்குப் போசியோடு வந்து, காலிக் கட்டிலைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டார். பின்கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே ஆஸ்பத்திரியை ஒட்டியே காப்பித் தோட்டம். சேற்றில் வெறுங்கால் தடம் தெரிந்தது. இறங்கி ஓடினேன். பட்டப்பகல்தான், ஆனால் பனிமூட்டத்தில் நாலு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "கவுண்டரே! கவுண்டரே!" என்று கூப்பிட்டேன். என் குரலே பக்கத்தில் விழுந்தது. அந்த வயிற்றோடு எங்காவது தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

ஒரு பெரிய மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முக்கிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது.

"வந்துருமுங்க. ஒரு சொட்டு வந்துச்சு. வந்துருமுங்க. என்னைய இங்கியே உட்ருங்க."

நான் தொட்டால் ஓடிவிடுவார் போலிருந்தது. மாரியாயி என் பின்னால் வந்து சேர்ந்தார். அவர் அழவில்லை, அதட்டவும் இல்லை. "ஏனுங்க" என்றார். "நீங்க மரத்தப் புடிச்சுட்டு இங்க நின்னா, நான் யாரப் புடிச்சுட்டு நிக்கறது?"

கவுண்டரின் தோள் குலுங்கியது. அதற்குள் டாக்டரம்மா குடையோடு வந்துவிட்டார். அவரைக் கண்டதும் கவுண்டர் கூச்சத்தில் இன்னும் குறுகினார். டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். குடையை மாரியாயி கையில் கொடுத்துவிட்டு, கவுண்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மழை அவர் தலையில் இறங்கியது. காப்பிச் செடிகளைப் பார்த்தபடி, "கேளுங்க கவுண்டரே. என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார்.

கவுண்டர் மரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"தாயி, பொறந்ததுல இருந்து போயிட்டுத்தான இருக்கறன். ஒரு நாளாச்சும் வலிச்சதில்லீங்க. சொகமாத்தான் இருந்துச்சு. அதே வழிதானுங்களே? அதுல கொழாய உட்டா மட்டும் ஏனுங்க உசுரே போவுது?"

அந்தக் கேள்வியை நான் மனதுக்குள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வாய் திறந்து கேட்கத் தோன்றியதில்லை.

டாக்டரம்மா திரும்பாமலே பேசினார். "தானா போறப்ப உங்க உடம்பு எல்லாத்தையும் முன்கூட்டியே பேசி வச்சுக்குது. பை சுருங்கறதுக்கு முன்னாடியே கீழ இருக்கற தசை தளர்ந்துரும். வர்ற தண்ணி உங்க உடம்புச் சூட்டுலயே இருக்கு. அதுக்கு முனை கிடையாது, எதையும் உரசாது. அந்த வழியும் ஈரமா, மடிப்பு மடிப்பா மூடிக் கிடக்கும். தண்ணி வர வர விரிஞ்சு இடம் விடும், போனதும் மூடிக்கும். அதனாலதான் உங்களுக்கு அது தெரியறதே இல்ல."

"கொழாயி?"

"அது வெளியில இருந்து வருது. எதிர்ப்பக்கமா வருது. உள்ள யாரும் அதை வரச் சொல்லல. தசை மூடித்தான் இருக்கு. உள்ள வழி முழுக்க நரம்பு. வரக் கூடாதது எதுவும் உள்ள வந்தா கூப்பாடு போடறதுக்குத்தான் அந்த நரம்பே. நீங்க பயந்தா தசை இறுகும். இறுகினா இன்னும் வலிக்கும். வலிச்சா இன்னும் பயம் வரும். உங்களுக்கு அந்த இடத்துல தழும்பு வேற. நீங்க பயந்தது தப்பே இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கவுண்டர் மரத்திலிருந்து நெற்றியை எடுத்தார். ஒரு டாக்டர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். நானும் கேட்டதில்லை.

"இன்னிக்கு அந்த வழியை நான் தொடவே மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "பை நெறஞ்சு மேல வந்திருக்கு. குடல் ஒதுங்கியிருக்கும். தோலை மரத்துப்போக வச்சுட்டு, வயித்துக்கு மேல இருந்து ஒரு ஊசியில எடுத்துருவேன்."

"வயித்துலயா குத்துவீங்க?" என்று கவுண்டர் கேட்டார். "பொழைப்பனுங்களா?"

"குத்தலைன்னா பொழைக்க மாட்டீங்க."

மாரியாயி குடையைக் கணவர் தலைக்கு மேல் பிடித்து, இன்னொரு கையை நீட்டினார். கவுண்டர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

முதுகுத்தண்டில் போடும் நீள ஊசி ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் கொதிக்க வைத்தேன். அடிவயிற்றில் எலும்புக்கு இரண்டு விரல் மேலே மருந்து தடவினேன். டாக்டரம்மா மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்போதும் ஒரு கையைக் கவுண்டரின் வயிற்றில் சும்மா வைத்திருந்தார். பிறகு நீள ஊசியை நேராக நிறுத்தினார். நான் கவுண்டரின் தோளைப் பிடித்திருந்தேன். ஊசி இறங்க இறங்க என் கண் தானாக மூடப் பார்த்தது. பாதிக்கு மேல் போய்விட்டது, எதுவும் வரவில்லை. டாக்டரம்மாவின் மேலுதட்டில் வியர்வை. இன்னும் கொஞ்சம். கையில் ஒரு சின்ன விடுபடல் தெரிந்திருக்க வேண்டும், அவர் மூச்சை விட்டார். கண்ணாடி சிரிஞ்சில் பால் விடாத காப்பி நிறத்தில் சிறுநீர் ஏறியது.

அவசரப்படவில்லை. சிரிஞ்சு சிரிஞ்சாக எடுத்தார். நான் வாங்கி வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றினேன். உருண்டை மெல்ல மெல்ல வயிற்றுக்குள் இறங்கியது. கவுண்டர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

"குத்திட்டீங்களா?"

"எப்பவோ குத்தியாச்சு."

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டவர், வாயைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

விடிவதற்குள் பை மறுபடி நிறைந்து, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மதியம் பாதை திறந்ததும் அவரோடு நானும் ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே ஆபரேஷன் செய்து வழியைச் சரிப்படுத்தினார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இந்த நோயில் கதை அத்தோடு முடியாது. தழும்பு விட்ட இடம் திரும்பத் திரும்பச் சுருங்கும். அதற்காக எஃகுக் கம்பிகளை உள்ளே விட்டு அகலப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிசில் தொடங்கிப் படிப்படியாகத் தடித்த கம்பி வரைக்கும். அதை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம் என்று எழுதி அனுப்பினார்கள்.

சில வருடங்கள் அப்படி வந்துபோனார். அவர் வரும் நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கோ, பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் கட்டிடத்தைப் பார்த்ததுமே வாந்தி வரும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். நான் போய் அழைத்துவருவேன். கம்பி உள்ளே இருக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். முடிந்ததும் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கும்பிடு என்னைக் குத்தும்.

பிறகு வருவது நின்றுவிட்டது. ஒரு முறை தவறியது, இரண்டாவது முறையும் தவறியது. அந்த வழியாகப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினோம், பதில் இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்க்க அனுப்பினார். பஸ்ஸில் போகும்போது, வீட்டு வாசலில் சாவுப் பந்தல் போட்டிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பந்தல் இல்லை. மாரியாயி வாசலில் காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். "ஊட்டுல இல்லீங்க. காட்டுக்குப் போனாரு" என்றவர், குரலைத் தாழ்த்தி, "மறுபடியும் ஒண்ணுக்குப் போக நேரம் ஆவுதுங்க அவருக்கு" என்றார்.

ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே அவர் திரும்பி நிற்பதைக் கண்டேன். தள்ளியே நின்றேன். சொட்டு விழும், நிற்கும். மறுபடி நூல் போல் கொஞ்சம். வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தார்.

"கம்பவுண்டரய்யா, அந்தக் கம்பிக்கு இனிமே என்னால ஆவாதுங்க. அடைச்சா அடைச்சுட்டுப் போவுது. ஒருக்காச் செத்தாப் போதும். நான் மாசா மாசம் செத்துட்டு இருக்கறனுங்க."

கட்டாயப்படுத்திக் கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டு வரவும் பயம். "டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள சுத்தமா நின்னு போச்சுன்னா உடனே வந்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும், "குழாயை அவர் கையிலயே கொடுத்தா என்ன, சவரி?" என்றார். மெல்லிய ரப்பர் குழாயைத் தானே போட்டு எடுத்துக்கொண்டு, வழி சுருங்காமல் பார்த்துக்கொள்கிறவர்கள் சில ஊர்களில் உண்டாம். படித்திருக்கிறாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாய் என்றதும் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிய மனிதர். அவர் கையில் குழாயா? "குத்திக்கிட்டாருன்னா என்னங்கம்மா பண்றது?" என்றேன்.

"நம்ம கைக்கு வலி தெரியாது. அவர் முகத்தைப் பாத்துத்தான் நமக்குத் தெரியும். அதுக்குள்ள வலிச்சு முடிஞ்சிருக்கும். அவர் கைக்கு வலி வர்றதுக்கு முன்னாடியே தெரியும். அவரால அங்கியே நிறுத்த முடியும்" என்றார். பிறகு, "எனக்கும் தைரியமா இல்ல. ஆனா வேற வழி தெரியல" என்றார்.

மறுபடி கொட்டச்சேட்டுக்குப் போனேன். கம்பி கிடையாது, டாக்டரம்மா பேச மட்டும்தான் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். கவுண்டர் என்னை நம்பவில்லை, மாரியாயியைப் பார்த்தார். "அன்னிக்கு மழைல தொட மாட்டன்னு சொன்னாங்க. தொட்டாங்களா?" என்றார் மாரியாயி. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. இருவரும் என்னோடு பஸ் ஏறினார்கள்.

டாக்டரம்மா மேசையில் படம் வரைந்து காட்டினார். வழி எங்கே வளைகிறது, வளையத் தசை எங்கே, தழும்பு எங்கே என்று சொன்னார். எங்கே நிற்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்று எனக்குச் சொன்ன அதே சொற்களில் அவருக்கும் சொன்னார். கவுண்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தன்னை வதைத்த இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"வேண்டாம்னு தோணினா எந்திரிச்சு ஊட்டுக்குப் போலாம். யாரும் ஓடி வந்து புடிக்க மாட்டோம்" என்றேன். அதுதான் நான் சேர்த்துச் சொன்னது.

கை கழுவினார். வெந்நீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னேன். மெல்லிய ரப்பர் குழாயைத் தட்டோடு எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். இந்த முறை நான் வெளியே நின்றேன். என் பக்கத்தில் டாக்டரம்மா, கதவருகே மாரியாயி. டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. எங்களுக்குத் திரைத் துணியும், அதன் அடியில் கவுண்டரின் பாதங்களும் மட்டும் தெரிந்தன. கால் கட்டை விரல்கள் தரையில் அழுந்தியிருந்தன. வெளியே எஸ்டேட் லாரி ஒன்று மேடேறி ஓய்ந்தது. அந்தச் சத்தம் அடங்கிய பின் உள்ளே ஒரு முனகல். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். டாக்டரம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம். பிறகு இன்னொன்று. கட்டை விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

பீங்கான் பாத்திரத்தில் சிறுநீர் விழத் தொடங்கியது. நிற்காமல் விழுந்தது.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?" என்று மாரியாயி கதவருகிலிருந்தே கூப்பிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து கவுண்டரின் குரல் வந்தது.

"வலிக்குது புள்ள. ஆனா, நாந்தான பண்றன்."